நேராக ஒட்டிய எலும்பு

விடிந்ததும் சீனித்தாய் ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போவாள். கையில் ஒரு எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். அக்கரையில் தனியாக ஒரு ஓட்டு வீடு. அவள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்கும். என்ன சொல்கிறது என்று இக்கரைக்குப் புரியாது. திட்டுகிறது என்பது மட்டும் தெரியும். பிறகு கதவு அடிக்கும் சத்தம். சீனித்தாய் திரும்பி வருவாள். நனைந்த சேலைக் கரையைப் பிழிந்துவிட்டுக் எலும்பு கட்டும் கொட்டகையைத் திறப்பாள்.

இருளப்பன் அவளிடம் ஏழு வருடமாக எலும்பு கட்டப் படித்து வந்தான். அக்கரையில் இருப்பது யார் என்று அவன் கேட்டதில்லை. யாரோ சொந்தக்காரி, புத்தி சரியில்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடனுக்கு ஐம்பத்தாறு. அவள் அவனை அண்ணாச்சி என்பாள். அவன் அவளைத் தாயி என்பான். அவன் மதுரைப் பக்கத்து ஆள். கட்டிடங்களுக்குச் சாரம் கட்ட இந்தத் தேரிக்காட்டுப் பக்கம் வந்தவன். முப்பது வருடம் சவுக்குக் கம்பையும் கயிற்றையும் தவிர அவன் கை வேறு எதையும் பிடித்ததில்லை.

அவனுடைய தம்பியும் அதே வேலைதான். ஒருநாள் தம்பி மூன்றாம் மாடி உயரத்தில் நின்றுகொண்டு கத்தினான்.

"அண்ணே, பலகை நகர மாட்டேங்குது. கயிறு இறுக்கமா இருக்கு. கொஞ்சம் அவுத்துவிடு."

இருளப்பன் அவிழ்த்துவிட்டான்.

விழுந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது இந்தக் கொட்டகைக்குத்தான். சீனித்தாய் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கையை எடுத்துக்கொண்டாள்.

"இது கட்டுற எடத்துல ஒடையல அண்ணாச்சி."

தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இருளப்பன் திரும்பி வந்தான். வாசலில் உட்கார்ந்தான். தனக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றான்.

"இந்த வயசுல எதுக்கு?"

"கட்டுறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும் தாயி. இனிமே கம்பைக் கட்ட முடியாது."

அவள் கொஞ்ச நேரம் அவனுடைய கையையே பார்த்தாள். உள்ளே வரச் சொன்னாள்.

கொட்டகையில் ஒரு சாக்குப்பை தொங்கியது. அதற்குள் யாரோ ஒரு மனிதனின் வலது கை எலும்புகள். ஒரு வெள்ளத்தில் இடுகாட்டுக் கரை அரித்துக்கொண்டு போனபோது வெளியே வந்தவை. சீனித்தாய்க்குக் கற்றுக்கொடுத்தவர் எடுத்துக் கழுவி வைத்தவை. முன்கையில் இரண்டு. மணிக்கட்டில் எட்டு. உள்ளங்கையில் ஐந்து. விரல்களில் பதினான்கு. ஆக இருபத்தொன்பது.

கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, பைக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துத் தரையில் ஒரு கையாக அடுக்க வேண்டும். அதுதான் முதல் பாடம்.

முதல் நாள் இருளப்பன் ஒன்றை மட்டும் எடுத்து ஓரமாகப் போட்டான்.

"இது எலும்பு இல்ல தாயி. புளியங்கொட்டை."

"மணிக்கட்டுல பட்டாணி மாதிரி ஒண்ணு உண்டு. அது தொலைஞ்சு போச்சு. அதுக்குப் பதிலு இது."

"கொட்டையா?"

"எடம் காலியா கெடக்கக் கூடாதுல்லா. வைங்க."

அவன் எலும்புகளைச் சீக்கிரம் படித்தான். சின்னப் பிள்ளைகளுக்கு எலும்பு பச்சை வேப்பங்குச்சி மாதிரி ஒரு பக்கம் மட்டும் விரியும், முழுக்க ஒடியாது. வயசானவர்களுக்குக் காய்ந்த சுள்ளி, வழுக்கி உட்கார்ந்தாலே இடுப்புக்குக் கீழே முறியும். விழுகிறவர்கள் எல்லோரும் கையை ஊன்றுவார்கள், அதனால் மணிக்கட்டுக்கு மேலேதான் அதிகம் ஒடியும். கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பு பெரும்பாலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும், அதற்குக் கட்டுப் போடுவது பாதி வந்தவரின் மனசுக்காக.

ஒரு விதியை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கட்டுப் போட்ட மூன்று நாளும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உள்ளே சதை வீங்கும். கட்டு வீங்காது. நாழிகைக்கு ஒருதரம் விரல் நகத்தை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கினால் வெளுக்கும். விட்டால் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் உடனே கட்டை அறுத்துவிட வேண்டும்.

"எலும்பு பொருந்தியிருக்குமே தாயி. அறுத்தா விலகிரும்."

"அறுங்க."

"கை கோணலாப் போயிருமே."

"கோணக் கையால சோறு திங்கலாம் அண்ணாச்சி."

இருளப்பன் போடும் கட்டு பார்க்க அழகாக இருக்கும். ஒரு சுற்றுக்கு மேல் ஒரு சுற்று, இம்மி பிசகாது. சீனித்தாய் அதைத் தட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

"இது கையா, கோயில் கோபுரமா? மேல ஏறி நின்னு வெள்ளையடிக்கலாம் போலிருக்கே."

சிரித்துக்கொண்டே அவிழ்ப்பாள். தளர்த்திக் கட்டுவாள். ஏழு வருடத்தில் எத்தனையோ தடவை தளர்த்தியிருப்பாள். அவன் கை மாறவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள், எட்டு மைலுக்கு அப்பால் ஒருவர் கிணற்றுக்குள் விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடப்பதாக ஆள் வந்தது. அவரைத் தூக்கி வர முடியாது. சீனித்தாய் அக்கரை வீட்டுக்குப் போய் வந்தாள். பிறகு கொட்டகைச் சாவியை இருளப்பனிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

அன்று மத்தியானம் ஆதிலிங்கம் வந்தான். பனையேறி. முப்பத்திரண்டு வயது. ஒடிந்த வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே நின்று பேசினான்.

"மொதல்ல ஒண்ணு கேட்டுக்கிடும் ஓய். நான் மரத்துலேருந்து விழல. சைக்கிள்லேருந்து விழுந்தேன். நாளைக்கு எவனாவது வந்து ஆதிலிங்கம் பனையிலேருந்து விழுந்தான்னு சொன்னா, நீருதான் சாட்சி."

"சரி. உக்காருங்க."

"எங்கய்யா எழுவது வயசு வரைக்கும் ஏறினாரு. ஒருதரம் விழல. சைக்கிள் அவருக்கு ஓட்டத் தெரியாது, அதான்."

இருளப்பன்கூடச் சிரித்துவிட்டான்.

முன்கையில் இரண்டு எலும்பும் ஒடிந்திருந்தன. இருளப்பன் இழுத்தான். ஆதிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டான். இரண்டு எலும்பும் ஒன்றன்பின் ஒன்றாக இடத்தில் போய் உட்கார்ந்ததை இருளப்பன் விரல் நுனியில் உணர்ந்தான். அவ்வளவு சுத்தமாகப் பொருந்தியது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவினான். மூங்கில் தப்பைகளை வைத்தான். கட்டினான். திருத்துவதற்கு யாரும் இல்லை.

சாயங்காலம் ஆதிலிங்கம் சொன்னான்.

"விரலெல்லாம் காந்துது ஓய்."

"வலிச்சாத்தான் ஒட்டுதுன்னு அர்த்தம்."

விளக்கு வைத்த பிறகு மறுபடி சொன்னான்.

"உள்ள யாரோ திருகுத மாதிரி இருக்கு. கொஞ்சம் அவுத்துவிடுமேன்."

"அவுக்கக் கூடாது."

மறுநாள் உச்சிக்கு வலி நின்றுவிட்டது. ஆதிலிங்கம் சந்தோஷப்பட்டான். இருளப்பனும் சந்தோஷப்பட்டான். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் சீனித்தாய் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தூரத்திலிருந்தே விரல்களைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து நகத்தை அமுக்கினாள். விட்டாள். காத்திருந்தாள். பிறகு சூரிக்கத்தியை எடுத்துக் கட்டை நீளமாக அறுத்தாள்.

கட்டுக்குள்ளிருந்து வந்த கையின் நிறத்தைப் பார்த்து ஆதிலிங்கம் கேட்டான்.

"என்னம்மா இது?"

"வலி என்னைக்கு நின்னுச்சு?"

"நேத்து உச்சியில. ஏன், நல்லதுதான?"

அவள் இருளப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நகம் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"மறந்துட்டேன் தாயி."

அவளே வண்டி பிடித்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கையைக் காப்பாற்றிவிட்டோம் என்றார்கள். ஆனால் முன்கையில் சதை செத்துவிட்டது, நேரம் கடந்துபோய் வந்திருக்கிறீர்கள் என்றார்கள். பங்குனி பிறந்தது. ஆதிலிங்கத்தின் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்க ஆரம்பித்தன. பங்குனி முடிவதற்குள் கை பருந்தின் கால் மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் சீனித்தாய் அவன் முன்கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடவிப் பார்த்தாள்.

"எலும்பு நேரா ஒட்டியிருக்கு" என்றாள்.

அந்தக் கொட்டகையில் அவ்வளவு நேராக எந்த எலும்பும் ஒட்டியதில்லை.

சித்திரையில் ஆதிலிங்கம் மறுபடி வந்தான். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தான். அவன் முகத்தில் ஏதோ ஒரு தெளிச்சி இருந்தது. இருளப்பனைப் பார்க்காமல் சீனித்தாயிடம் நேராகப் பேசினான்.

"யம்மா, கோணலா ஒட்டின எலும்பைத் திரும்ப ஒடைச்சுக் கட்டுவீங்களாம்லா? சந்தையில ஒருத்தர் சொன்னாரு. அவரு மச்சினனுக்கு நீங்கதான் செஞ்சீங்களாம்."

"செஞ்சிருக்கேன்."

"எனக்கும் ஒடைச்சுக் கட்டுங்க. வலியைப் பத்திக் கவலைப்படாதீங்க. சத்தம் போட மாட்டேன். பாளையெல்லாம் வந்துட்டு. நாப்பது மரமும் சும்மா நிக்கி. ஆடி வரைக்கும் ஏறினாப் போதும், வருசத்தை ஓட்டிருவேன்."

சீனித்தாய் எழுந்து போய்ச் சாக்குப்பையை எடுத்து வந்தாள். இருளப்பன் முன்னால் வைத்தாள்.

"அடுக்குங்க அண்ணாச்சி."

இருளப்பன் அடுக்கினான். கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. முன்கை, மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்கள். தரையில் ஒரு வலது கை விரிந்து கிடந்தது.

"இதுல எது ஒடைஞ்சிருக்கு?"

"எதுவும் இல்ல தாயி."

"எது கோணலா இருக்கு?"

"எதுவும் இல்ல."

அவள் ஆதிலிங்கத்தைப் பார்த்தாள்.

"உங்க கை உள்ள இப்படித்தான் இருக்கு. எதை ஒடைக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

ஆதிலிங்கம் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். இடது கையால் புளியங்கொட்டையை எடுத்தான்.

"இது என்னம்மா?"

"தொலைஞ்சு போன எலும்புக்குப் பதிலு."

"எனக்கும் இப்படி எதையாவது வைக்கலாமா?"

"எலும்புன்னா வைக்கலாம்யா."

அவன் கொட்டையைத் திரும்ப அதே இடத்தில் வைத்தான். தெளிச்சி போய்விட்டது.

இருளப்பன் திடீரென்று சீனித்தாயின் பக்கம் திரும்பினான்.

"ஒருதரம் ஒடைச்சுப் பாப்போம் தாயி. யார் கண்டா, ஏதாவது ஆகும். நான் தளத்திக் கட்டுறேன். இந்தத் தரம் தளத்தியே கட்டுறேன்."

"யாருக்காக ஒடைக்கணும்?"

இருளப்பன் அடுக்கிய எலும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆதிலிங்கத்திடம் சொன்னான். தலை நிமிரவில்லை.

"நான் மறக்கல."

"என்னது?"

"மறந்துட்டேன்னு தாயிகிட்டச் சொன்னது பொய். நகத்தைப் பாத்தேன். அன்னைக்கு ராத்திரி மூணு தரம் அமுக்கினேன். வெள்ளையாவே இருந்துச்சு. கத்தியக்கூட எடுத்தேன். நீங்க அவுத்துவிடுன்னு சொன்னீங்க. எந்தம்பியும் அதே மாதிரிதான் சொன்னான். கை வரல."

கொட்டகைக்கு வெளியே ஆடு ஒன்று இலையை இழுத்துத் தின்னும் சத்தம் கேட்டது.

ஆதிலிங்கம் கோபப்படவில்லை. குரல்கூட உயரவில்லை.

"நாப்பது மரம் ஓய். ஒவ்வொரு மரத்துலயும் ஏறி ஒவ்வொரு பாளையாச் சீவி விடணும். ஒருநாள் விட்டா அடைச்சுக்கிடும், பெறவு சொட்டாது. காச்சலோட ஏறியிருக்கேன். எங்கம்மை செத்த அன்னைக்கு, அவளை எடுத்துட்டுப் போயிட்டு வந்து ஏறினேன். நாப்பது மரம். ஒண்ணைக்கூட நான் பாக்காம விட்டதில்ல. உம்மகிட்ட ஒத்தக் கையைக் குடுத்தேன்."

அவன் துண்டை எடுத்து இடது கையால் தோளில் போட்டுக்கொண்டான். அது நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்க இருளப்பன் எழுந்தான்.

"தொடாதீரும்" என்றான் ஆதிலிங்கம்.

அவன் போன பிறகு இருளப்பன் சீனித்தாயின் முன்னால் வந்து நின்றான்.

"என்னை அனுப்பிருங்க தாயி."

"எங்க?"

"எங்கயாவது. அவுத்துவிட்டு ஒரு உசுரு. இறுக்கி ஒரு கை. இந்தக் கை எதைத் தொட்டாலும் இப்படித்தான்."

"உங்க முடிச்சு எனக்குத் தெரியும். ஏழு வருசமா அவுத்துக் கட்டினது நான்தான். தெரிஞ்சுதான் சாவியைக் குடுத்துட்டுப் போனேன்."

"அது வேற தாயி."

"வேற இல்ல."

அவள் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போட்டாள். கொட்டையைக் கடைசியாகப் போட்டாள்.

"போறதுன்னா போங்க. நாளைக்குக் காலைல எண்ணெய் எடுத்துக்கிட்டு ஆதிலிங்கம் வீட்டுக்குப் போயிட்டு, பெறவு போங்க. விரலை நீவி விடணும். நகம் பாக்கணும்."

"நீவினா நிமிருமா?"

"நிமிராது."

"பெறகு எதுக்கு?"

அவள் பையைத் தூக்கி ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் இருளப்பன் போனான். ஆதிலிங்கத்தின் மனைவி முற்றத்தில் காலிக் கலயங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பதநீர் இறக்கச் சுண்ணாம்பு தடவ வேண்டிய கலயங்கள். இந்த வருடம் தடவ ஆள் இல்லை. அவள் இவனைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "வந்திருக்காரு" என்றாள். அவ்வளவுதான்.

ஆதிலிங்கம் வெளியே வந்து எண்ணெய்க் கிண்ணத்தைக் காலால் தட்டிவிட்டான்.

அன்றைக்கு இருளப்பன் கொட்டகைக்கு வந்து தன் மூட்டையைக் கட்டினான். அதையும் இறுக்கிக் கட்டினான். கட்டியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரவு அங்கேயே தூங்கிவிட்டான். காலையில் எழுந்து கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றினான்.

இரண்டாம் நாள் ஆதிலிங்கம் வெளியே வரவில்லை. இருளப்பன் வாசலில் வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். மூன்றாம் நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் ஆதிலிங்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினான்.

இருளப்பன் எண்ணெய் தொட்டு நீவினான். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல நிமிர்த்தினான். அவன் பிடித்திருக்கும் வரை நிமிர்ந்திருந்தன. விட்டதும் மடங்கின. பெருவிரல் நகத்தை அமுக்கினான். வெளுத்தது. விட்டான். சிவந்தது.

"ரத்தம் வருதா?" என்றான் ஆதிலிங்கம்.

"வருது."

"இப்ப வருது."

இருளப்பன் அடுத்த நகத்தை அமுக்கினான்.

வைகாசி போனது. நாற்பது மரத்தையும் வேறொருவன் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்தான். அவன் விடியலில் ஏறும் சத்தம், ஓலை உரசும் சத்தம், ஆதிலிங்கத்தின் முற்றத்துக்குக் கேட்கும். ஆதிலிங்கம் அண்ணாந்து பார்த்துக் குறை சொல்வான்.

"பாளையைச் சீவுதானா, செரைக்கானா? நாசமாப் போவான்."

இருளப்பன் நீவிக்கொண்டிருப்பான். கொட்டகையில் அவன் இப்போது கட்டுப் போடுவதில்லை. மாவு குழைப்பான், தப்பை சீவுவான். சீனித்தாய் கட்டச் சொல்லவும் இல்லை, கட்ட வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ஆனி மாதம் ஒருநாள் நீவி முடித்த பிறகு ஆதிலிங்கம் முதல்தடவையாக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"ஓய், ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"இடது கையால திங்கப் பழகிட்டேன். பீடி பத்த வைக்கப் பழகிட்டேன். வீட்டுக்காரி பொட்டி முடையுதா, நான் ஓலை கிழிச்சுக் குடுக்கேன். பகல்ல பாதி நேரம் கையோட ஞாபகமே வாறதில்ல. காலைல நீரு இந்தக் கிண்ணத்தோட வந்து நின்னா வருது. உம்ம மூஞ்சியைப் பாத்தா அந்த ராத்திரி வருது. நீரு மூணு தரம் பாத்தீரே, அது வருது. நீரு வராம இருந்தா நான் மறந்திருவேன்."

இருளப்பன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"வராதீரும்" என்றான் ஆதிலிங்கம். திட்டுகிற மாதிரி இல்லை. கேட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் இருளப்பன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடைக்கரையில் நின்றான். கிண்ணத்தில் எண்ணெய் இல்லை. அக்கரையில் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு அடித்தது. சீனித்தாய் ஓடைக்குள் இறங்கி வந்தாள். கரையேறிச் சேலையைப் பிழிந்தாள்.

"இன்னும் போகலையா அண்ணாச்சி?"

"வர வேண்டாங்கறாரு தாயி."

"எதுக்காம்?"

"நான் போனாத்தான் அவருக்கு ஞாபகம் வருதாம். போறது அவருக்கு நோவு. போகாட்டா என்னால இருக்க முடியல. இப்ப நான் யாருக்குப் போறேன்னே எனக்குத் தெரியல. போகட்டுமா, நின்னுரட்டுமா? நீங்க சொல்லுங்க."

சீனித்தாய் சேலையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிவதற்கு அதில் தண்ணீர் இல்லை.

இருளப்பன் அக்கரையைப் பார்த்தான். சாத்திய கதவு. வாசலில் ஒரு ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. ஏழு வருடமாக அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவன் இன்றைக்குத்தான் பார்த்தான்.

"தாயி."

"ம்."

"அந்த வீட்டு அம்மாவுக்கு என்ன?"

"கால்ல."

"கால்ல என்ன?"

சீனித்தாய் தன் கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயை அவனுடைய கிண்ணத்தில் ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழும் வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"எலும்பு நேராத்தான் ஒட்டியிருக்கு அண்ணாச்சி."